பக்கம் இருநூற்றுப் பதினொன்று

என் நாவலைப் படித்துவிட்டு ஒருவர் எனக்கு விளக்குமாறு அனுப்பினார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரியகுளத்திலிருந்து பார்சலில், பழைய வேட்டித் துணியில் சுற்றி, நல்ல கெட்டியான தென்னங்குச்சி விளக்குமாறு. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: 'பெற்ற பிள்ளை கிளம்பியதும் வீட்டைப் பெருக்குகிற தாயை எழுதிய கைக்கு இது காணிக்கை.' எழுத்து முத்து முத்தாக இருந்தது. அனுப்பியவர் பெயரைத்தான் காணோம்.

இது நடந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. 'எண்ணூறு பேர் ஏறிய கலம்' என்ற அந்த நாவல், செவ்வாய்க் கிரகத்துக்குக் குடியேறப் போகிறவர்களைப் பற்றியது. போக மட்டும்தான் எரிபொருள், திரும்ப வழி கிடையாது. நான் எழுதியபோது அது கற்பனை. மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த அங்கயற்கண்ணிக்கு வேறு வேலை இல்லை, எழுதினாள், அவ்வளவுதான் என்று எல்லோரும் விட்டிருப்பார்கள். இருநூற்றுப் பதினோராம் பக்கத்தைத்தான் யாராலும் விட முடியவில்லை.

அதில் பதினோரு வரிதான் இருக்கிறது. கலம் கிளம்பிவிட்டதென்று செய்தி வருகிறது. கதாநாயகியின் அம்மா எழுந்து வீட்டைப் பெருக்குகிறாள், கழுவிவிடுகிறாள், தலைக்குக் குளிக்கிறாள். அவ்வளவுதான். நம் வீடுகளில் ஒருவர் ஊருக்குக் கிளம்பினால் உடனே துடைப்பத்தைத் தொடுவோமா? தலையில் தண்ணீர் ஊற்றுவோமா? அதெல்லாம் பிணம் எடுத்த வீட்டில் செய்கிற காரியம். அது தெரிந்துதான் எழுதினேன். திரும்பி வரவே முடியாத இடத்துக்குப் போகிறவளுக்கு வேறு என்ன பெயர்?

திட்டினார்கள் பாருங்கள், அப்படித் திட்டினார்கள். 'ஆசிரியைக்கு அறிவியல் தெரிகிறது, அம்மாவைத் தெரியவில்லை' என்று ஒரு விமர்சகர் எழுதினார். கல்லூரி ஓய்வறையில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். கோவில்பட்டியில் ஒரு கூட்டத்தில் ஓர் அம்மாள் எழுந்து, "நீ புள்ள பெத்தவதானா?" என்று மைக்கைப் பிடுங்கிக் கேட்டாள்.

பெற்றவள்தான். அல்லி என்று ஒரே மகள். அந்த நாவலின் முதல் வாசகியே அவள்தான். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கையெழுத்துப் பிரதியைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, குப்புறப் படுத்துப் படித்தாள்.

"அந்த அம்மா எதுக்கும்மா பெருக்குறாங்க?" என்று கேட்டாள்.

"பெருக்கலேன்னா அவளால தூங்க முடியாதுடி. வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பா. பெருக்கிட்டா முடிஞ்சுபோச்சுன்னு தூங்கலாம்ல."

அல்லி அதை யோசித்துவிட்டு, சரி என்பதுபோலத் தலையாட்டினாள். பதினேழு வருடம் கழித்து, கற்பனை நிஜமாகி, மண் ஆராய்ச்சிக்காரர்கள் வேண்டும் என்று ஆள் எடுத்தபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அவளும் போனாள். ஒன்பது வருடமாயிற்று.

அங்கே இருப்பவர்களுக்கு மாதத்துக்கு ஒரு குரல் செய்தி அனுப்பலாம். நான் இதுவரை நூற்று மூன்று அனுப்பியிருக்கிறேன். நடுவில் ஐந்து மாதம் ரோஷத்தில் அனுப்பவில்லை. ஒவ்வொன்றுக்கும் 'சேர்ந்தது' என்று இயந்திரம் தானாக ஒரு வரி அனுப்பும். அல்லியிடமிருந்து ஒரு சொல் வந்ததில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன், அதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் ஃபர்ஹானா என்ற பெண் வீட்டுக்கு வந்தாள். நாகமலை அடிவாரத்தில் இருக்கும் தொடர்பு நிலையத்தில் வேலை. இருபத்தைந்து வயது இருக்கும், பார்வையிலேயே ஒரு பதற்றம்.

"மேடம், செவ்வாய்ல ஒரு தமிழ் வாசகர் வட்டம் இருக்கு. பதிமூணு பேர். உங்க நாவலைப் பேச எடுத்திருக்காங்க. நீங்க கலந்துக்கணும்னு கேக்குறாங்க."

"எதுக்கு? அங்கருந்தும் விளக்குமாறு அனுப்பவா?"

அவளுக்குப் புரியவில்லை, பாவம். பட்டியலை நீட்டினாள். பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. பதின்மூன்றாவது வரியில் 'பெயர் தர விரும்பவில்லை, கேட்க மட்டும்' என்று இருந்தது. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு மேடம்," என்று தயங்கினாள் ஃபர்ஹானா. "அந்த இருநூத்திப் பதினோராம் பக்கம் மட்டும் பேச்சுல வராமப் பாத்துக்கச் சொல்லியிருக்காங்க. அடுத்த குழு கிளம்பப் போகுது. வீட்டாளுங்க மனசு கஷ்டப்படும்."

"அத விட்டா அந்த நாவல்ல பேச என்னம்மா இருக்கு?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. கூட்டம் என்றால், ஒரு சின்ன அறையில் நான், ஒரு மைக், எதிரே சுவர், சுவரில் ஒரு தீயணைப்பு உருளை. படம் கிடையாது, குரல் மட்டும்தான்.

"இப்போ செவ்வாய் ரொம்பத் தள்ளி இருக்கு மேடம். நீங்க பேசுறது போய்ச் சேர இருபத்தொரு நிமிஷம் ஆகும். அவங்க பதில் வர இன்னொரு இருபத்தொண்ணு," என்றாள் ஃபர்ஹானா. "அஞ்சரைக்கு லைன் கட் ஆயிரும். நடுவுல சூரியன் வந்துரும். பதினாறு நாளைக்கு ஒண்ணும் போகாது, ஒண்ணும் வராது."

"அப்ப இன்னிக்கு விட்டா?"

"பதினாறு நாள் கழிச்சு லைன் வரும் மேடம். ஆனா வட்டத்துக்கு இனிமே எப்ப நேரம் தருவாங்கன்னு தெரியல."

சரியாக மூன்று மணிக்கு அவர்கள் குரல் வந்தது. தங்கதுரை என்பவர்தான் வட்டத்தை நடத்துகிறார். கணீரென்ற குரல். வரவேற்புரை சொன்னார், அங்கேயும் நம்மாட்களை வரவேற்புரை விடாது போல. ஆரோக்கியம் என்ற பொறியாளர் நேராகச் சண்டைக்கே வந்தார். "உங்க நாவல்ல மூணாவது மாசமே தக்காளி காய்க்குதுங்க. இங்க ஒன்பது வருஷமாப் பாக்குறோம், கோலிக்குண்டு அளவுதான் வருது." இன்னொரு பெண், "எண்ணூறு பேர் ஒண்ணா இருக்காங்க, ஒருத்தர் குறட்டைய ஒருத்தர் குறை சொல்லவே இல்லியே, எப்படிங்க?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். இருபத்தொரு நிமிடத்துக்கு முந்திய சிரிப்புக்கு நானும் தனியாகச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புகளுக்குள் அல்லியின் சிரிப்பு இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பிடிபடவில்லை.

மூன்றரைக்கு என் முறை. சுவரைப் பார்த்துப் பேசினேன். தக்காளிக்கு மன்னிப்புக் கேட்டேன், குறட்டையையும் ஒப்புக்கொண்டேன். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் பேசிய வாய்தான், ஆனால் எதிரில் ஒரு முகமாவது வேண்டாமா? கொட்டாவி விடுகிற பையனாவது இருந்தால் தேவலை என்று இருந்தது. முடிக்கும்போது வாய் தவறி வந்துவிட்டது: "பதிமூணாவதா ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்கீங்களாமே. உங்களுக்கும் ஏதாவது கேக்கணும்னா கேளுங்க. எதை வேணாலும் கேளுங்க."

அப்புறம் காத்திருந்தோம். ஃபர்ஹானா டீ வாங்கி வந்தாள். டீ ஆறி, ஏடு கட்டிப்போயிற்று.

நாலரைக்கு ஒலிபெருக்கியில் தங்கதுரையின் தொண்டைச் செருமல் கேட்டது. "நம்ம வட்டத்துல எப்பவுமே பேசாத ஒருத்தர் இன்னிக்குப் பேசணும்கிறாங்க," என்றார். பிறகு அந்தக் குரல்.

"வணக்கம். பேர் அல்லி. மண் பிரிவுல வேலை. இந்த நாவலை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே படிச்சவ நான். கேள்வி பக்கம் இருநூத்திப் பதினொண்ணைப் பத்தி."

ஃபர்ஹானா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டேன், ஏதோ அவள் கையைப் பிடிப்பதுபோல.

"நாங்க கிளம்பின அன்னிக்கு, மேல போய் ரெண்டு மணி நேரம் கழிச்சு, வீட்டுக்கு ஒரு தடவை பேசலாம்னு விட்டாங்க. நான் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு கோமதி அத்தை எடுத்தாங்க. அம்மா குளிக்கிறாங்கன்னாங்க. தலைக்கான்னு கேட்டேன். ஆமான்னாங்க. வச்சிட்டேன். அன்னிக்கு வெள்ளிக்கிழமை. அதனால ஒன்பது வருஷமா ஒரு நாள் அப்படி நெனைக்கிறேன், ஒரு நாள் இப்படி நெனைக்கிறேன். ஆசிரியர்கிட்ட நான் கேக்குறது இதுதான். கதையில அந்த அம்மா குளிச்சது எதுக்குன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு நீங்க குளிச்சது எதுக்கு?"

அம்மா என்று கூப்பிடவில்லை. ஆசிரியர் என்றாள்.

வெள்ளிக்கிழமை. எனக்கு எவ்வளவு வசதியாக ஒரு பதிலைக் கையில் வைத்துக் கேட்கிறாள் பாருங்கள்! வெள்ளிக்கிழமையும் அதுவுமாக எந்த வீட்டில்தான் தலைக்குக் குளிக்கவில்லை? 'அடிப் பைத்தியமே, வெள்ளிக்கிழமைடி' என்று ஒரு வரி சொன்னால் போதும். கோமதி அன்றைக்கே, "அல்லி கூப்பிட்டா அக்கா, நீங்க குளிக்கிறீங்கன்னு சொன்னேன்" என்று சொன்னதிலிருந்து ஒன்பது வருடமாக அந்த ஒரு வரியைத்தான் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் எப்போதாவது கேட்டால் சொல்லலாம் என்று.

"மேடம், நாலு நாப்பத்தஞ்சுக்குள்ள பேசிட்டீங்கன்னாத்தான் லைன் போறதுக்குள்ள பதில் வரும்," என்றாள் ஃபர்ஹானா. பிறகு காதிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "நான் வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். சிவப்பு பட்டன் உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைப் பத்தி நீங்க பேசினீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். நல்ல பெண்.

பொய் சொல்லலாம். சொன்னால் மகள் கிடைப்பாள். அறுபத்தாறு வயதில், யாரும் வராத வீட்டில், ஒற்றைத் தட்டு வைத்துச் சாப்பிடுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? உண்மையைச் சொல்லி அவள் ஒரேயடியாகப் போய்விட்டால், நூற்று நான்காவது செய்தியை நான் யாருக்கு அனுப்புவேன்?

பொத்தானை அழுத்தினேன்.

"அல்லி, அம்மாதான் பேசறேன். வெள்ளிக்கிழமைக்காகக் குளிக்கலடி. உன்னைத் தலைமுழுகத்தான் குளிச்சேன். டிவில கலம் மேல போனதைப் பார்த்தேன். எந்திரிச்சு, பெரியகுளத்துக்காரர் அனுப்பின விளக்குமாறு பரண்ல கெடந்துச்சு, அதை எடுத்து வாசல்லருந்து கொல்லை வரைக்கும் பெருக்கினேன். உன் ரூமையும் பெருக்கினேன். கழுவி விட்டேன். குளிச்சேன். அவ்வளவு கோவம் எனக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமப் போயிட்டியேன்னு."

மூச்சு வாங்கியது. நிறுத்தினால் நின்றுவிடும் என்று பயந்து தொடர்ந்தேன்.

"பெருக்கிட்டா தூங்கலாம்னு உங்கிட்ட சொன்னேன்ல? அது தப்பு. அன்னிக்குத் தூங்கல. அதுக்கப்புறமும் ஒழுங்காத் தூங்கல. தக்காளிய விடப் பெரிய தப்பு அந்தப் பக்கந்தான். எல்லாரும் திட்டினாங்கள்ல, அவங்க சொன்னதுதான் சரி. எனக்கு அம்மான்னா என்னன்னு தெரியாமத்தான் எழுதிட்டேன்."

கையை எடுத்தேன். மணி நாலு நாற்பத்திரண்டு. என் குரல் கிளம்பிப் போய்விட்டது. இனி கூப்பிட்டாலும் திரும்பி வராது. இருபத்தொரு நிமிடம் அது போய்க்கொண்டே இருக்கும். அதுவரை அவளுக்கு நான் இன்னும் வெள்ளிக்கிழமை குளித்தவளாகவும் இருப்பேன் என்று ஒரு நினைப்பு வந்தது. அழுகை வந்தது. தீயணைப்பு உருளையைப் பார்த்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. ஃபர்ஹானா இல்லை, முத்துப்பேச்சி என்று சட்டையில் பெயர் எழுதியிருந்த ஓர் அம்மாள். கையில் பூந்துடைப்பம். "காலைக் கொஞ்சம் தூக்கிக்கங்கம்மா," என்று குனிந்தாள்.

"பெருக்காதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் அவள் துடைப்பத்தையே நழுவ விட்டாள். "ஐயையோ, என்னம்மா? அஞ்சு மணிக்குப் பெருக்கலேன்னா சூப்பர்வைசர் கத்துவாரும்மா."

"கத்தட்டும். எம் பொண்ணுகிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள். "ஒருத்தரையும் காணோமே."

"நான் பேசினது போய்க்கிட்டு இருக்கு. வழியில இருக்கு. பதில் வந்து சேர்ற வரைக்கும் வேண்டாம் தாயி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

என் முகத்தைப் பார்த்தாள். துடைப்பத்தைக் கதவுக்கு வெளியே, என் கண்ணில் படாமல் சாத்தி வைத்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். "எந்த ஊர்ல இருக்கு பொண்ணு?" என்று கேட்டாள். மேலே கையைக் காட்டினேன். மாடியில் என்று நினைத்தாளோ என்னவோ, தலையை ஆட்டினாள்.

ஐந்து இருபத்தைந்து ஆகியும் ஒன்றும் வரவில்லை. என் குரல் போய்ச் சேர்ந்திருக்கும், அவள் கேட்டிருப்பாள், பேசாமல் எழுந்து போயிருப்பாள். அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். அப்போது ஒலிபெருக்கியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அல்லிக்குச் சின்ன வயதிலிருந்தே கண்ணுக்கு முன்னால் மூக்குதான் அழும்.

"அம்மா," என்றாள். "வெள்ளிக்கிழமைன்னு சொல்லியிருக்கலாம்லம்மா?"

பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"நான் ஒண்ணு சொல்லணும். நாங்க இங்க வந்து எறங்கின மூணாவது நாள், தமிழாளுங்க எல்லாரும் பொது ரூம்ல கூடினோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு லிட்டர்தான் தண்ணி. அதுல ஒரு குவளைய எடுத்து வச்சுக்கிட்டோம். தங்கதுரை அண்ணன் உங்க நாவலைத் திறந்து அந்தப் பதினோரு வரியப் படிச்சாரு. படிச்சு முடிச்சதும், அங்க விட்டுட்டு வந்தவங்க பேரைச் சொல்லி ஒவ்வொருத்தரா தலையில ஊத்திக்கிட்டோம். முடிச்சுக்கிட்டாத்தான் இங்க பொழைக்க முடியும்னு. இப்பவும் ஒவ்வொரு குழு வர்றப்பவும் நடக்குது. உங்க புஸ்தகம் இல்லாம யாரும் இங்க குடியேறினதே இல்ல."

வேலைக்காரி ஒருத்தி தவிர வேறு யாருமில்லாத அந்த அறையில், என் நாவலுக்குக் கிடைத்த மரியாதையைக் கேட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் உங்க பேரைச் சொல்லித்தான் ஊத்திக்கிட்டேன். அங்கயற்கண்ணின்னு முழுப் பேரையும் சொல்லி. அதுக்கப்புறம் மாசா மாசம் உங்ககிட்டருந்து செய்தி வருது. முழுகிட்ட ஆளுகிட்டருந்து வந்தா அத எப்படிம்மா தொறக்குறது? பயந்துட்டேன். நூத்தி மூணும் அப்படியே இருக்கு. ஒண்ணு கூடக் கேக்கல."

இரைச்சல் கூடியது. அவள் வேகமாகப் பேசினாள்.

"லைன் போகப் போகுது. இந்தப் பதினாறு நாள்ல எல்லாத்தையும் கேட்டுருவேன். லைன் வந்ததும் நானே கூப்பிடுறேன். அதுவரைக்கும் வீட்டைப் பெருக்காதீங்க."

அப்புறம் வெறும் இரைச்சல். முத்துப்பேச்சி எழுந்து வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். வெளியே சூரியன் நாகமலைக்குமேல் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால்தான் எங்கேயோ அவள் இருக்கிறாள். கண் கூசும்வரை பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நூற்று மூன்று செய்தியில் நான் என்னவெல்லாம் பேசித் தொலைத்திருக்கிறேன்! ஜாக்கெட்டைக் கெடுத்த தையல்காரனைப் பற்றி ஒரு செய்தி முழுக்கத் திட்டியிருக்கிறேன். குழம்பு தீய்ந்ததைச் சொல்லியிருக்கிறேன். ஏழெட்டு செய்தியில் ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். அதையெல்லாம் அவள் வரிசையாக, ஒருத்தியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள் இப்போது.

நாள் போகப் போக வீட்டில் தூசி படிந்தது. சமையலறையில் வெங்காயச் சருகு பறந்தது. காற்றடித்தால் என் தலைமுடி சுருண்டு சுருண்டு அல்லியின் அறைப் பக்கம் ஓடியது. தலைக்கும் குளிக்கவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமைகள் கழுத்துவரைக்கும் மட்டும் ஊற்றிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் கோமதி வந்தாள். உள்ளே ஓர் அடி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா இது, வீடா குப்பைத்தொட்டியா? உடம்புக்கு முடியலேன்னா ஒரு சத்தம் குடுத்தா வர மாட்டேனா? தள்ளுங்க, நான் பெருக்கி விடுறேன்." சொல்லிக்கொண்டே மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துவிட்டாள்.

"வேண்டாம் கோமதி. வை அதை. அல்லி ஊருக்குப் போயிருக்கா."

கோமதி என்னையே பார்த்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் போனை எடுத்தவள் அவள்தான். துடைப்பத்தைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள். பிறகு, யாராவது வெளியூர் கிளம்பிப் போன வீட்டில் எல்லோரும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள்.

"போய்ச் சேந்துட்டாளாமா?"

"இன்னும் ஏழு நாள் ஆகும்," என்றேன்.